நான் அமுக்கின வெறும் எண்டர்

வாயைத் திறந்து வம்பை விலைக்கு வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் வேறு ரகம். என் வாழ்க்கையில் வந்த வம்பெல்லாம் நான் வாயைத் திறக்காததால் வந்தவை. எங்கள் தெரு முனையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் அங்கிருந்து திரும்பி நடந்து வந்திருக்கிறேன். (ரெண்டு தடவை. மூணாவது தடவ மழை, அத நான் சொல்ல மாட்டேன்.)

அதெல்லாம் என் காலோடு போன கஷ்டம். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறக்காததில் ஆறு கம்ப்யூட்டர் படுத்தது. என் மகளுடைய கடையும் அதோடு படுத்தது. அதைத்தான் எழுதுகிறேன். எழுதுகிறபோது யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பது ஒரு நிம்மதி.

2007-ஆம் வருசம். என் மகள் மலர்க்கொடி மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். ஆறு கம்ப்யூட்டரில் ஒன்றுதான் நிஜம் என்பாள். மற்ற ஐந்தும் அந்தப் பெரிய பெட்டியோடு வயரில் தொங்கிக்கொண்டு, அது காட்டுவதைக் காட்டுகிறவை. அது எழுந்தால்தான் அதுகளும் எழும். எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரரும் நாங்களும் மாதிரி என்று நினைத்துக்கொள்வேன். (மனசுக்குள்ளதான்.)

கடையில் என் வேலை வாசலோரம் உட்கார்ந்து வருகிறவர்கள் பேரையும் நேரத்தையும் நோட்டில் எழுதுவது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு வயசான பொம்பளை இருப்பது தெரிய வேண்டும். அதற்கு என் அஞ்சாம் வகுப்புப் படிப்பு தாராளம்.

ஊர் முழுக்க ஜன்னல் படம் போட்ட கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது மலர் மட்டும் லினக்ஸ் போட்டிருந்தாள். அதிலும் ஒரு வீம்பு பிடித்த வகை. மற்ற லினக்ஸில் புரோகிராமெல்லாம் ஆக்கின சோறாக வருமாம், எடுத்துப் பரிமாற வேண்டியதுதான். மலருடையதில் அரிசியாகத்தான் வரும். நம் பெட்டியே அதை உட்கார்ந்து வேகவைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கம்பைல் என்று பேர். சின்னது என்றால் பத்து நிமிசம். பெரியது என்றால் ஒரு பகல் முழுக்கப் பெட்டி சூடேறிப் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும்.

"ஏம்மலரு, ஆக்குனதே கெடைக்கிறப்ப நமக்கெதுக்கு இந்தப் பாடு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நம்ம வயித்துக்குத் தக்கன நம்மளே ஆக்கிக்கலாம்லம்மா" என்றாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல. வீட்டில் ஓட்டல் சோறு வேண்டாம் என்று சொல்லி வளர்த்தவள் நான்தான்.

அந்த லினக்ஸில் இன்னொரு தொல்லை. ஒரு புரோகிராமைக் கூப்பிட்டால் அது தனியாக வராது. எங்கள் சின்ன மாமனார் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கிற மாதிரி. அவரைக் கூப்பிட்டால் அவர் சகலையைக் கூப்பிட வேண்டும். சகலையைக் கூப்பிட்டால் சகலையின் சம்பந்தியை விடமுடியாது. அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால், ஏற்கெனவே பந்தலில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் எழுந்து போய்விடுவார். அதனால் கூப்பிடுவதற்கு முன்னால் யார் யார் வருவார்கள், யார் போவார்கள் என்று பட்டியல் பார்த்துவிட வேண்டும்.

பட்டியல் பார்க்க மலர் எனக்குப் பழக்கிவிட்டிருந்தாள். என் நோட்டின் பின்னட்டையில் இரண்டு வரி எழுதித் தந்தாள். இரண்டும் ஒரே கட்டளைதான், நடுவில் ஒரு எழுத்து மட்டும் வேறு. மேல் வரியில் சின்னக் கோடு போட்டு ஒரு பி. பக்கத்தில் தமிழில் 'சும்மா காட்டும்'. கீழ் வரியில் கோடு போட்டு ஒரு ஏ. பக்கத்தில் 'காட்டும், கேட்கும்'.

"பி போட்டா லிஸ்ட்டக் காட்டிட்டு நின்னுரும்மா. ஒண்ணையும் தொடாது. ஏ போட்டா லிஸ்ட்டக் காட்டிட்டு, இதெல்லாம் போட்டுரவா, எஸ்ஸா நோவான்னு கேக்கும். அது எனக்கு. நீ மேல் வரிய மட்டும் அடி."

"ரெண்டும் இல்லாம அடிச்சா?"

"கேக்காமக் கொள்ளாமப் போட்டுரும். அத நீ கனவுலகூட நெனைக்காத."

மேல் வரியை நான் அதற்கு முன் இரண்டு தடவை அடித்திருக்கிறேன். எழுத்தை நோட்டில் பார்த்து, விசைப் பலகையில் தேடி, கோழி பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக. பட்டியலில் இருக்கிற இங்கிலீசு எனக்குப் புரியாது. ஆனால் கடைசி வரியில் மொத்தம் எத்தனை என்று நம்பர் வரும். நம்பர் எனக்குத் தெரியும். ஒரு தடவை நாலு வந்தது, ஒரு தடவை பதினொன்று. மலரிடம் அதைச் சொன்னபோது, பேங்கில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆபீசர் மாதிரி இருந்தது எனக்கு.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

ஊரில் பெண்களுக்கான பயிற்சி நிலையம் ஒன்று இருந்தது. தையலும் டைப்பும் சொல்லித் தருகிற இடம். முப்பது பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பிக்க நினைத்தார்கள். அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. அதை நடத்துகிறவரை எல்லாரும் பெரிய மேடம் என்பார்கள். அவர் சனிக்கிழமை பத்து மணிக்கு மலர் கடையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் வாரத்தில் நாலு நாள், வருசம் பூராவும் வகுப்பு.

பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது மேசை டிராயரில் இருந்தது. பெங்களூரு கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டு அனுப்பின கடிதம். முந்தின வாரம் மலர் அதை எடுத்துக் காட்டினாள்.

"கடையில இப்பிடியே ஈ ஓட்டிக்கிட்டு இருக்க முடியாதும்மா. இந்த வகுப்பு அமைஞ்சா இங்கனயே இருந்துருவேன். அமையலன்னா அடுத்த மாசம் கெளம்பிருவேன்."

நான் "ம்" என்றேன். "போகாத, ஆத்தா" என்று சொல்லியிருக்கலாம். நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கிருந்து வாய்க்கு வருகிற வழிதான் எனக்கு எப்போதும் அடைப்பு.

வெள்ளிக்கிழமை காலை மலர் ஆறு கம்ப்யூட்டரையும் இணைக்கிற வயர்ப்பெட்டி ஒன்று வாங்க மதுரைக்குக் கிளம்பினாள். பெரிய மேடம் ஏதோ ஒரு புரோகிராம் பேரைச் சொல்லி, பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும் என்று கேட்டிருந்தார். மலர் அந்தப் பேரையும் நோட்டில் இரண்டு வரியிலும் சேர்த்து எழுதினாள்.

"அதுக்கு என்னென்ன இழுக்கும்னு மட்டும் பாத்து வைம்மா. பத்து மணிக்குப் போன் பண்றேன். கொறைச்சலா இருந்தா வந்து போட்டுர்றேன். நெறைய இருந்தா தொடவே மாட்டேன், இருக்கறத வச்சே நாளைக்குக் காட்டிரலாம்." படியில் இறங்கினவள் திரும்பிச் சொன்னாள், "மேல் வரிம்மா."

கடையைக் கூட்டி, பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றி, சாம்பிராணி காட்டிவிட்டுப் பெரிய பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். நோட்டைத் திருப்பினேன். இரண்டு வரியையும் பார்த்தேன். 'சும்மா காட்டும்.' 'காட்டும், கேட்கும்.'

அன்றைக்கு எனக்கு என்ன புத்தி போனதோ, கீழ் வரியின் மேல் ஓர் ஆசை வந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்கிறதுதானே மரியாதை? சும்மா காட்டிவிட்டுப் போகிறதில் என்ன இருக்கிறது? என் வாழ்க்கையில் என்னை யாரும் எதையும் அவ்வளவாகக் கேட்டதில்லை. (குழம்பா ரசமான்னு நாந்தான் எல்லாரையும் கேட்டுருக்கேன்.) ஒரு மிஷின் என்னை இதைச் செய்யவா என்று கேட்கும் என்றால், ஒரு தடவை கேட்கட்டுமே. நோ என்று அடித்தால் ஒன்றும் ஆகாது என்றும் தெரியும். கீழ் வரியை அடித்தேன்.

பட்டியல் வந்தது. பச்சையும் மஞ்சளுமாக மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. நடுவில் இரண்டு சிவப்பு. கடைசி வரியில் நூற்று முப்பத்தேழு என்று நின்றது. நோட்டில் எழுதிக்கொண்டேன். அதன் கீழே கேள்வி வந்து, அதன் பக்கத்தில் ஒரு கட்டம் மினுக்மினுக்கென்று என் பதிலுக்காகக் காத்திருந்தது.

நோ என்று அடிக்க விரலைத் தூக்கினேன். அப்போதுதான் விளங்கியது. வெள்ளிக்கிழமை காலை. விளக்கு எரிகிறது. கடை திறந்து வந்த முதல் கேள்வி.

நான் பிறந்தது ஜெயமங்கலம். என் அப்பாவுக்கு அங்கே மளிகைக்கடை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முதலில் வருகிறவரிடம் இல்லை என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூடாது. உப்பு தீர்ந்திருந்தால் "உப்பு மத்தியானம் வந்துரும்" என்பார். பருப்பு தீர்ந்திருந்தால் "பருப்பு புடைச்சுக்கிட்டு இருக்காக" என்பார். கடைசி வரைக்கும் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. நானோ மகளுடைய கடையில், நாளைக்கு அவள் தலையெழுத்தைப் பார்க்க ஒருத்தர் வரப்போகிற நேரத்தில், முதல் கேள்விக்கே இல்லை என்று அடிப்பதா?

இங்கிலீசில் சொன்னால் தோஷம் கிடையாது என்று ஒரு யோசனை வந்தது. பிள்ளையாருக்கு இங்கிலீசு தெரியாது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? பிரவுசிங் சென்டரில் மாட்டியிருக்கிற பிள்ளையார்.

எஸ் என்றும் அடிக்க முடியாது. மலர் தொடாதே என்று சொல்லியிருக்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டம் மினுங்கிக்கொண்டே இருந்தது. விருந்தாளியை வாசலில் நிற்கவைத்த மாதிரி எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பக்கத்துத் தையல்கடை ரகுமத்து ஊசி கேட்டு வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவள்.

"என்னக்கா, அதையே மொறச்சுக்கிட்டு உக்காந்துருக்கீக?"

"ஒரு கேள்வி கேட்டுருக்கு ரகுமத்து."

"கேட்டா சொல்ல வேண்டியதான?"

"ஆமான்னும் சொல்ல முடியாது. மத்ததும் சொல்ல முடியாது."

"எங்க மாமியா இப்பிடித்தான் ஏதாச்சும் கேட்டுவைப்பாக. நான் ஒரு பேச்சும் பேச மாட்டேன், தலைய ஒரு மாதிரி ஆட்டிட்டு அடுப்படிக்குப் போயிருவேன். அவுகளும் மறந்துருவாக." ஊசியை எடுத்துக்கொண்டு சிரித்தபடி போய்விட்டாள்.

மிஷினிடம் தலையாட்ட முடியாது. அதற்கு ஈடாக என்ன செய்யலாம் என்று பார்த்தேன். எழுத்து எதுவும் அடிக்காமல் வெறும் எண்டரை அமுக்கினால், பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போன மாதிரி ஆகிவிடும், அதுவும் கேட்டதை மறந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கும் என்று பட்டது. பெரிய சமத்து செய்கிற நினைப்பில், சுண்டுவிரலால், நோகாமல் அமுக்கினேன்.

வெறும் எண்டர் என்றால் எஸ் என்று அந்த மிஷினுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். (யாரு சொல்லி வச்சாகளோ, அவுக வீட்டுப் பொம்பளைக என்னைய மாதிரி போல.) எனக்கு இது புதுசும் இல்லை. பதினேழு வயதில், மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய் யோசித்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓட ஆரம்பித்தன. பதில் சொல்லாத கோபத்தில் முணுமுணுக்கிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. பெட்டி புஸ்புஸ்ஸென்று மூச்சுவிட ஆரம்பித்தது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். அரிசி உலையில் விழுந்துவிட்டது.

பத்து மணிக்குப் போன் அடித்தது.

"எத்தனைம்மா?"

"நூத்தி முப்பத்தேழு."

"ஆத்தாடி, வேணாம் வேணாம். நல்லவேள பாக்கச் சொன்னேன். போட்டுருந்தா ரெண்டு நாளைக்குக் கடைய இழுத்து மூட வேண்டியதான். லிஸ்ட் நின்னுருச்சுல்ல?"

திரும்பிப் பார்த்தேன். எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

"ம்" என்றேன்.

"அம்மா, நின்னுருச்சா?"

"ம்."

எண்டரை அமுக்கினதைக்கூட என் அறியாமை என்று தள்ளிவிடலாம். இந்த இரண்டு 'ம்'முக்கு எனக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

போனை வைத்ததும் பொத்தானை அமுக்கித் திரையை அணைத்தேன். எழுத்து மறைந்தது. பெட்டி மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது. கம்பைல் நடுவில் கரண்டைப் பிடுங்கக்கூடாது என்று மலர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அதனால் அதை நிறுத்தவும் பயம். வேறு வழி தெரியாமல், கொடியில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டியையும் திரையையும் சேர்த்து மூடினேன். கூண்டை மூடினால் கிளி தூங்கிவிடும் என்கிற கணக்கு.

பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் தூக்குவாளியில் காப்பியோடு வந்தாக. லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் கரண்டு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவக. வயர் இருக்கிற சாமான் எதுவானாலும் அவகளுக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு.

"அதுக்கென்ன, குளிரடிக்குதாக்கும்?" என்று துண்டைப் பார்த்துக் கேட்டாக.

"தூசி விழுகுது."

பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்தாக. "தூசியா? தோசை சுடலாம் போல இருக்கு. உள்ள என்னமோ லோடு ஏறிக் கெடக்கு. மலருகிட்டச் சொன்னியா?"

"ம்."

மூன்றாவது 'ம்'. அன்றைக்கு அதற்குப் பஞ்சமே இல்லை.

மத்தியானம் இரண்டு காலேஜ் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் எல்லாம் ஆமை மாதிரி நகர்ந்தது. பிறகு அதுவும் நின்றது. எதைத் தட்டினாலும் ஒரு சின்னக் கட்டம் வந்து இங்கிலீசில் ஏதோ சொல்லிவிட்டு மறைந்தது. பின்னால் மலர் சொல்லித்தான் தெரியும். பழைய புரோகிராம்கள் எல்லாம் சாய்ந்துகொண்டு நின்ற ஒரு தூணை, புதிதாக வந்த கூட்டம் எடுத்துவிட்டு வேறு தூணை வைத்துவிட்டது. பழையவை இருட்டில் கையை நீட்டி, இல்லாத தூணைத் துழாவிக்கொண்டு நின்றிருக்கின்றன.

"பாட்டி, ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குது" என்றாள் ஒருத்தி.

"கரண்டு சரியில்ல கண்ணு" என்றேன். வாயைத் திறந்தால் பொய் வருகிறது, அதற்கு மூடியிருந்ததே மேல்.

காப்பி கொடுத்துவிட்டுப் பெஞ்சிலேயே சாய்ந்திருந்த இவக, என் வீட்டுக்காரர், எழுந்து உட்கார்ந்தாக. "கரண்டு அருமையா இருக்கு. நான் காலைலயே பாத்துட்டேன். யாரு சொன்னா சரியில்லன்னு?" பிள்ளைகள் இரண்டும் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டன.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மலர் வந்தாள். கையில் புது வயர்ப்பெட்டி, மேடம் உட்காருகிற நாற்காலிக்கு ஒரு நல்ல மெத்தை. சிரித்துக்கொண்டே வந்தவள் துண்டைப் பார்த்ததும் நின்றாள். துண்டை எடுத்துவிட்டுத் திரையைப் போட்டாள்.

"அறுபத்திரெண்டாவது ஓடுது" என்றாள், யாரிடமோ சொல்வது மாதிரி. பிறகு என்னைப் பார்த்தாள். "கீழ் வரி அடிச்சியாம்மா?"

தலையாட்டினேன்.

"எஸ் அடிச்சியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பெறகு?"

"வெறும் எண்டர்."

"வெறும் எண்டர்னா எஸ்ஸும்மா."

"எனக்குத் தெரியாதே ஆத்தா."

"தெரியாது. சரி. பத்து மணிக்கு நான் கேட்டேன்லம்மா. அப்பச் சொல்லியிருந்தா ரெண்டு மூணோட நிறுத்தச் சொல்லியிருப்பேன். நீ ம்னு சொன்னியே."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன், இன்றைக்கு இதை எழுத வேண்டிய அவசியமும் வந்திருக்காது.

"இப்ப நிறுத்திப்புட்டா?" என்று இவக கேட்டாக.

"பழசும் ஓடாது, புதுசும் ஓடாதுப்பா. பாதிப் பந்தலப் பிரிச்ச மாதிரி. முடியட்டும்னு விடணும். நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும்."

சனிக்கிழமை பெரிய மேடம் சொன்னபடி பத்து மணிக்கு வந்தார். சாயங்காலம்தான் இன்னும் வரவில்லை.

கடையின் பின்பக்கம், தண்ணீர்க்குடம் இருக்கிற இடத்துக்கு ஒரு சீலைத் திரை போட்டிருந்தோம். நான் அதற்குப் பின்னால் நின்றேன். ஆறு திரையில் ஐந்து கறுப்பு. ஆறாவதில் எழுத்து ஓடியது. மலர் எழுந்து நின்று, வேலை நடந்துகொண்டிருக்கிறது, சாயங்காலம் எல்லாம் சரியாகிவிடும், திங்கள்கிழமை வந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்றெல்லாம் சொன்னாள்.

மேடம் மோசமானவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "நான் வருவேன்னு தெரியும். வகுப்புன்னா இப்படி நடுவுல நிக்கக்கூடாதும்மா. யார் இதைப் பார்க்காமப் போட்டது? உங்களைத் தவிர வேற யாரும் மிஷினைத் தொடுவாங்களா? பொண்ணுங்க வர்ற இடம், எனக்குத் தெரியணும்ல."

திரைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் மலர். நடுவில் நாலு எட்டு. "அவ இல்ல தாயி, நாந்தான்." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், சரியாக வந்தது. தாயி என்பதா மேடம் என்பதா என்று யோசித்தேன்.

"நாந்தான் மேடம்" என்றாள் மலர். "அவசரத்துல லிஸ்ட்டப் பாக்காமப் போட்டுட்டேன்."

எதையும் பார்க்காமல் போடாத பிள்ளை. கடையில் வேலை பார்த்த நாள் முழுக்க ஒரு தடவைகூட அந்த பி போடாமல் ஒன்றையும் தொடாதவள்.

"யோசிச்சுச் சொல்றோம்மா" என்று மேடம் எழுந்தார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அவரும் நோ என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

நான் ஒரு வழியாகத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது என் கையில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. மேடம் குடிப்பதற்கு என்று எப்போது மொண்டேன் என்று எனக்கே தெரியாது. வாசலில் அவர் வந்த ஆட்டோகூட இல்லை. மலர் அந்தச் செம்பை வாங்கி அவளே குடித்தாள்.

இரண்டு வாரம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. வாசலில் காவலாளி, "யாரப் பாக்கணும்?" என்று கேட்டார். நான் செருப்பைப் பார்த்தேன். "தையல் வகுப்புக்கா?" என்றார். நான் பேசாமல் நின்றேன். "உள்ள போங்க, ரெண்டாவது ரூம்." ரெண்டாவது ரூமில் ஓர் அம்மா என் பேரையும் வயதையும் கேட்டு எழுதி, ஒரு விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, புதன்கிழமை கத்தரிக்கோல் கொண்டு வரச் சொன்னார். அந்த விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வந்தேன். (ரகுமத்து பாத்துட்டா. எனக்குப் போட்டியாக் கடை போடப் போறீகளான்னு மூணு நாள் கேட்டா.)

வகுப்பு வேறு சென்டருக்குப் போனது. அடுத்த மாசம் மலர் பெங்களூருக்குப் போனாள். பஸ் ஏறுகிறபோது, "போயிட்டு வாறேம்மா" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று எழுத வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என் 'ம்' செல்லாது என்று ஆகிவிட்டது. இன்னொரு தோசை வைக்கவா என்று கேட்டு நான் பேசாமல் இருந்தால், இவக தோசையைக் கரண்டியோடு அந்தரத்தில் நிறுத்திவிடுவாக. "வாயத் தொறந்து சொல்லு. இங்கன வெறும் எண்டரெல்லாம் எடுக்காது." சொந்தக்காரர் வீட்டு விசேசங்களிலும் இது பரவிவிட்டது. கம்ப்யூட்டரையே பார்த்திராத என் நாத்தனார்கூட, பந்தியில் என் இலைக்கு நேரே நின்று, "மதினி, வேணுமா, வேணாமா, வெறும் எண்டரா?" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரிக்கிறேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலர் போன் பண்ணினாள். போய் மூன்று வருசம் ஆகிறது.

"அம்மா, நீயும் அப்பாவும் இங்க வந்துருங்க. மொதல்ல சும்மா காட்டுறேன், கேட்டுக்க. மூணாவது மாடி. லிப்ட் இருக்கு, பாதி நாள் ஓடாது. தண்ணி லாரில வரும். எதுத்த வீட்டம்மா நல்லவுக, கன்னடம் மட்டும்தான் பேசுவாக. காலைல குளிரும். நான் ஒம்பது மணிக்குப் போனா ஏழு மணிக்குத்தான் வருவேன். இவ்வளவுதான் லிஸ்ட்டு. இப்பக் கேக்குறேன். எஸ்ஸா, நோவா?"

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவக சத்தமாகச் சொன்னாக, "மலரு, வச்சுராத. ஒங்கம்மா எண்டர் மேல வெரல வச்சுட்டா."

அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. காத்திருந்தாள். அவளைப் போல யாரும் எனக்காக அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

"நான் வரல ஆத்தா" என்றேன். "நீ இங்கன வந்துரு."

சிரிப்பு நின்றது.

"இத அன்னைக்கு நான் அந்த லெட்டரக் காட்டுனப்பவே சொல்லியிருந்தா, நான் போயிருக்கவே மாட்டேனேம்மா. வகுப்பு வந்தா என்ன, வராட்டி என்ன."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவக என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தாக. போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாக.

"மறுபடியும் அமுக்கிட்டா மலரு" என்றாக.